புகையிலை முதல் வேப் வரை: 400 ஆண்டுகாலப் படிப்பினை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

திருக்குர்ஆனிலும் ஹதீஸ் நூல்களிலும் புகையிலை என்னும் சொல்லைத் தேடினால் கிடைக்காது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அரபு நாடோ பாரசீகமோ நம் இந்தியாவோ அச்செடியைக் கண்டதில்லை. அது அமெரிக்கக் கண்டத்துக்கு உரிய செடி. 1492இல் கொலம்பஸின் கப்பல்கள் அக்கரையைத் தொட்ட பின்னரே ஏனைய உலகம் அதனை அறிந்தது. புகைக்கப்படும் இலை என்பதால் தமிழிலும் அதற்குப் புகையிலை என்றே பெயர் அமைந்தது.

இந்த எளிய உண்மையை இன்று நம் பிள்ளைகள் சிலர் வாதமாகத் திருப்புகின்றனர். “ஹஜ்ரத், வேப் ஹராம் என்று எந்தக் கிதாபில் இருக்கிறது? அதில் புகையிலையே இல்லையே, வெறும் ஆவிதானே?” என்று மதரஸாக்களில் மாணவர்கள் கேட்கின்றனர். இது புதிய கேள்வி அன்று. ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்னர் கெய்ரோவிலும் இஸ்தான்பூலிலும் டமாஸ்கஸிலும் இதே போன்ற கேள்வியைத்தான் மக்கள் தம் உலமாப் பெருமக்களிடம் கேட்டனர். அவர்கள் கூறிய விடை என்ன, ஆட்சியாளர்கள் எடுத்த நடவடிக்கை என்ன, அவற்றுள் எது பயன் தந்தது, எது தரவில்லை என்பதை அறிந்தால், இன்று நம் பிள்ளைகளிடம் எவ்வாறு பேச வேண்டும் என்பதும் நமக்குத் தெளிவாகும்.

மருந்து என்ற பெயரில் வந்த இலை

புகையிலை உலகுக்கு நஞ்சாக அறிமுகமாகவில்லை, மருந்தாகவே அறிமுகமானது. போர்ச்சுகலில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிகோ, 1560ஆம் ஆண்டளவில் அதனைப் பல பிணிகளுக்கு மருந்தென்று தம் நாட்டு அரசவைக்கு அனுப்பினார். ‘நிகோடின்’ என்னும் சொல் அவருடைய பெயரிலிருந்தே பிறந்தது. ஸ்பெயின் நாட்டு மருத்துவர் நிகோலாஸ் மொனார்டெஸ் 1571இல் வெளியிட்ட நூலில், அவ்விலை தீர்க்கும் நோய்களென்று நீண்டதொரு பட்டியலே தந்தார்.

முஸ்லிம் உலகிலும் அவ்வாறே. ஹிஜ்ரி 1009ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1600ஐ ஒட்டி, ஆங்கிலேயர் புகையிலையை உஸ்மானியப் பேரரசுக்குக் கொண்டுவந்து, உடலின் ஈரத்தன்மையால் வரும் நோய்களுக்கு மருந்தென்று விற்றனர் என வரலாற்றாசிரியர் இப்ராஹீம் பெசெவி பதிவு செய்துள்ளார். முதலில் இன்பப் பிரியர்கள் அதில் வீழ்ந்தனர்; பின்னர் அவ்வாறல்லாதவர்களும் வீழ்ந்தனர்; இறுதியில் மார்க்க அறிஞர்களிலும் அதிகாரிகளிலும் பலர் அதற்கு அடிமையாயினர் என்று அவர் வருந்தி எழுதுகிறார்.

நம் நாட்டில் நிகழ்ந்ததும் எண்ணிப் பார்க்கத்தக்கது. பேரரசர் அக்பரின் இறுதிக் காலத்தில், அவருடைய அலுவலர் அஸத் பேக் தக்காணத்துப் பீஜப்பூரிலிருந்து புகையிலையையும் மணிகள் பதித்த புகைக்குழாய் ஒன்றையும் அரசவைக்குக் கொண்டுவந்தார். பேரரசர் இரண்டு மூன்று முறை இழுத்தார். அருகிலிருந்த ஹகீம் பதறித் தடுத்தார். நம் மருத்துவ அறிஞர்கள் எவரும் சோதித்துக் கூறாத ஒன்றை எவ்வாறு ஏற்பது என்பது அவருடைய வாதம். ஐரோப்பியர் அறியாமலா பயன்படுத்துகின்றனர் என்பது அஸத் பேக்கின் மறுமொழி. அக்பர் அப்பழக்கத்தை மேற்கொள்ளவில்லை. ஆனால் அவையிலிருந்த பிரபுக்கள் மேற்கொண்டனர். வணிகர்கள் விற்கத் தொடங்கினர். பழக்கம் விரைந்து பரவியது.

பளபளக்கும் அழகிய கருவி, தீங்கில்லை என்னும் உறுதிமொழி, ‘முன்னேறிய நாட்டார் பயன்படுத்துகின்றனர்’ என்னும் பெருமை ஆகிய மூன்றும் அன்று அந்த அவையில் இருந்தன. இன்று நம் பிள்ளைகளின் கைக்கு வேப் வந்து சேர்வதும் இம்மூன்றின் துணையோடுதான்.

உலமாக்கள் எதில் வேறுபட்டனர்?

புகையிலை பரவியபோது உலமாக்களிடையே பெரும் விவாதம் எழுந்தது. கெய்ரோவில் ஒரே மாலிகி மத்ஹபைச் சேர்ந்த இரு பேரறிஞர்கள் எதிரெதிர் நிலைகளில் நின்றனர். இப்ராஹீம் அல்லகானீ (ரஹ்) அவர்கள் புகைத்தலைக் கண்டித்து எழுதினார்கள். அலீ அல்உஜ்ஹூரீ (ரஹ்) அவர்களோ அறிவை மயக்காத அளவில் அது ஆகுமானதே என்று தனி நூல் இயற்றினார்கள். டமாஸ்கஸின் ஹனஃபி அறிஞர் அப்துல் கனீ அந்நாபுலுஸீ (ரஹ்) அவர்களும் ஆகுமானது என்னும் கருத்தை நிலைநாட்டி நூல் எழுதினார்கள்.

ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் தமிழ் முஸ்லிம்கள் மதரஸாக்களில் அறியும் பெயர் ஷிஹாபுத்தீன் அல்கல்யூபீ (ரஹ்). ஹிஜ்ரி 1069இல் மறைந்த அவர்கள் புகைத்தலை ஹராம் என்றார்கள். அது உடலின் நாளங்களைத் திறந்து, தீங்கு தரும் நோய்களுக்கு உடலை ஆயத்தப்படுத்துகிறது என்பதே அவர்கள் காட்டிய காரணம். நவீன மருத்துவமனைகளும் ஆய்வுக்கூடங்களும் இல்லாத காலத்தில் அவர்கள் இவ்வாறு எழுதியது வியப்புக்குரியது.

இவ்விரு சாராரும் ஒன்றுபட்ட இடம் ஒன்று உண்டு. தடுத்தோர் போதையூட்டுவதையும் உடலைத் தளர்த்துவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸையும், தீங்கு செய்வதும் தீங்குக்கு ஆளாக்குவதும் கூடாது என்னும் பொது விதியையும் ஆதாரமாகக் கொண்டனர். அனுமதித்தோர், தடை வராத வரை பொருட்கள் அடிப்படையில் ஆகுமானவையே என்னும் விதியைப் பற்றி நின்றனர். ஆனால் ஒருவருக்கு அது தீங்கு தருவது உறுதியானால் அவருக்கு அது கூடாது என்பதில் அனுமதித்தோருக்கும் மறுப்பில்லை. எனவே விவாதம் சட்டத்தின் வேரைப் பற்றியதன்று. தீங்கு உண்டா இல்லையா என்னும் செய்தியைப் பற்றியதே. அந்தச் செய்தியை அறுதியிட்டுக் கூறும் மருத்துவ அறிவு அன்று எவரிடமும் இல்லை. ஹராம், மக்ரூஹ், முபாஹ் என்று தீர்ப்புகள் பிரிந்ததன் முதன்மைக் காரணம் இதுவே.

‘முன்னோர் சிலர் ஆகுமென்றனரே’ என்று இன்று வாதிடும் இளைஞர் இந்த இடத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். அப்பெரியோர்களின் தீர்ப்பை நாம் எடுத்துக்கொள்வதாயின், அத்தீர்ப்போடு பிணைந்திருந்த நிபந்தனையையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாள் சாதித்ததும் சாதிக்காததும்

உலமாக்கள் விவாதித்துக்கொண்டிருக்க, அரசர்கள் ஆணையிட்டனர். 1617இல் பேரரசர் ஜஹாங்கீர் பலரின் உடலுக்குக் கேடு விளைவிக்கிறது என்று கூறிப் புகையிலையைத் தடை செய்தார். பாரசீகத்தில் ஷா அப்பாஸும் தடை விதித்திருந்தார். வேடிக்கை என்னவெனில், ஜஹாங்கீர் பாரசீகத்துக்கு அனுப்பிய தூதர் கான் ஆலமே ஒரு கணமும் புகைக்காமல் இருக்க இயலாதவராக இருந்தார். ஷா அப்பாஸ் அவருக்கு மட்டும் விலக்கு அளிக்க வேண்டியதாயிற்று. இச்செய்தி ஜஹாங்கீரின் சொந்த நினைவுக்குறிப்புகளிலேயே இடம்பெற்றுள்ளது.

உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் இன்னும் கடுமையாக நடந்துகொண்டார். 1633இல் இஸ்தான்பூலைப் பெருந்தீ அழித்த பின்னர், காப்பிக் கடைகளை மூடினார். புகைத்தலுக்கு மரண தண்டனை விதித்தார். பலர் கொல்லப்பட்டனர். மதரஸா மாணவர்கள் ‘கஷ்ஃபுழ் ழுனூன்’ நூலின் ஆசிரியராக அறிந்துள்ள காதிப் செலபி (ரஹ்) அவர்கள் அக்காலத்தில் வாழ்ந்தவர். 1656இல் எழுதிய ‘மீஸானுல் ஹக்’ நூலில் அவர் ஒரு காட்சியைக் குறிப்பிடுகிறார். போர்ப் பயணத்தின்போது புகைத்தவர்களுக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டுக்கொண்டிருந்த வேளையிலும், படைவீரர் சிலர் சட்டைக் கைகளுக்குள் குட்டையான புகைக்குழாய்களை மறைத்து வைத்துக்கொண்டு, வாய்ப்புக் கிடைத்தபோது புகைத்தனராம்.

கண்முன்னே மரணத்தைக் கண்டவரையும் விடவொட்டாமல் பிடித்துக்கொண்ட பொருள் அது. நிகோடின் என்னும் பெயரை அன்று எவரும் அறியார். அதன் பிடி எத்தகையது என்பதை அப்படைவீரர்கள் காட்டிவிட்டனர். முராத் மறைந்த சில ஆண்டுகளில் தடை தளர்ந்தது. தாமே புகைப்பவராக இருந்த ஷைகுல் இஸ்லாம் பஹாயீ முஹம்மத் எஃபெந்தி, 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது ஆகுமானதே என்று தீர்ப்பளித்தார்.

இதற்கு மாறான காட்சி ஒன்றை 1891இல் ஈரான் கண்டது. அந்நாட்டின் புகையிலை வணிகம் முழுவதையும் 50 ஆண்டுகளுக்கு ஓர் ஆங்கிலேயருக்கு மன்னர் நாஸிருத்தீன் ஷா 1890இல் உரிமையாக்கியிருந்தார். அதனை எதிர்த்து, ஷீஆ அறிஞர் மிர்ஸா ஹஸன் ஷீராஸீயின் பெயரால் புகையிலையைத் தொடக்கூடாது என்னும் ஃபத்வா வெளிவந்தது. நாடெங்கும் மக்கள் புகைக்குழாய்களை ஒதுக்கினர். அரண்மனை மகளிரும் ஒதுக்கினர். 1892 ஜனவரியில் அந்த உரிமை நீக்கப்பட்டது. அந்த நோக்கம் அரசியலும் பொருளாதாரமும் சார்ந்தது. நோக்கம் நிறைவேறியதும் மக்கள் மீண்டும் புகைத்தனர். எனினும், சுல்தானின் வாளால் இயலாதது, மனம் ஏற்றுக்கொண்டபோது சில வாரங்களுக்கேனும் இயன்றது என்பதை வரலாறு காட்டுகிறது.

மருத்துவம் விடை கூறியபோது

உலமாக்கள் தேடிய அந்தச் செய்தி 20ஆம் நூற்றாண்டில்தான் வந்து சேர்ந்தது. 1950இல் பிரிட்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் ஆகிய இருவரும் நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை ஆய்வால் காட்டினர். 1964 ஜனவரியில் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை அதனை உலகறியச் செய்தது. இன்று ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் அதிகமானோர் புகையிலையால் உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

உண்மை வெளிவரத் தொடங்கியதும் சிகரெட் நிறுவனங்கள் வாளாவிருக்கவில்லை. 1954 ஜனவரியில் அமெரிக்காவின் 400க்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் ஒரே நாளில் முழுப்பக்க அறிவிப்பு வெளியிட்டு, ஆய்வு முடிவுகளில் ஐயத்தை விதைத்தன. ‘ஃபில்டர்’ வைத்த சிகரெட் பாதுகாப்பானது என்னும் எண்ணத்தையும் விளம்பரங்களால் பரப்பின. வடிவம் மாறியதேயன்றி நஞ்சு மாறவில்லை.

செய்தி உறுதியானதும் மார்க்கத் தீர்ப்புகளும் உறுதி பெற்றன. மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 1995இல் புகைத்தலை ஹராம் என்று அறிவித்தது. இந்தோனேசிய உலமா சபை 2009இல் சிறுவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொது இடங்களிலும் அது ஹராம் என்றது. அந்நாட்டின் முஹம்மதியா அமைப்பு 2010இல் முழுமையாக ஹராம் என்றது. வேப் குறித்தும் இவ்வறிஞர்கள் நெடுங்காலம் காத்திருக்கவில்லை. மலேசியக் குழு 2015இலும், முஹம்மதியா 2020இலும் அதனை ஹராம் என்று அறிவித்தன.

புதிய உடையில் பழைய பிடி

இன்றுள்ள மின்சிகரெட்டை 2003இல் உருவாக்கியவர் சீன மருந்தாளர் ஹான் லிக். சிகரெட்டை விட விரும்புவோருக்கு மாற்றாகவே அவர் அதனைக் கருதினார். புகையிலை 400 ஆண்டுகளுக்கு முன்னர் வந்ததைப் போலவே, இதுவும் நிவாரணம் என்னும் பெயரோடுதான் வந்தது. பின்னர் அது சென்றடைந்தது எவரிடம்? மாம்பழம், தர்பூசணி, புதினா எனச் சுவைகள் சேர்க்கப்பட்டன. பென் டிரைவ் போலவும் பேனா போலவும் வடிவங்கள் வந்தன. வாழ்நாளில் ஒரு சிகரெட்டையும் தொடாத பிள்ளைகள் அதனைத் தொட்டனர். 2019இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களுள் 27.5 விழுக்காட்டினர் அதனைப் பயன்படுத்தியதாக அந்நாட்டு அரசின் கணக்கெடுப்பு தெரிவித்தது. பின்வந்த ஆண்டுகளில் அவ்வெண்ணிக்கை பெரிதும் குறைந்தது என்றாலும், 2024இலும் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் 16 இலட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் அதனைப் பயன்படுத்தினர்.

‘வெறும் ஆவி’ என்பது உண்மையன்று. வேப் கருவியினுள் இருப்பது தண்ணீர் அன்று. புரோப்பிலீன் கிளைகால், கிளிசரின் ஆகிய திரவங்களில் சுவையூட்டிகளும் பெரும்பாலும் நிகோடினும் கலக்கப்பட்டிருக்கும். மின்கலத்தால் சூடாகும் கம்பிச்சுருள் அதனை நுண்துளிகளாக மாற்றுகிறது. அவ்வாறு சூடாகும்போது ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுப் பொருட்கள் உண்டாகின்றன. கம்பிச்சுருளிலிருந்து நிக்கல், ஈயம் முதலிய உலோகத் துகள்களும் கலக்கின்றன. இவை யாவும் நேரே நுரையீரலைச் சென்றடைகின்றன.

‘புகையிலை இல்லையே’ என்னும் வாதத்துக்கும் விடை உண்டு. புகையிலை இல்லாமலிருக்கலாம், முராதின் படைவீரர்களைப் பிடித்திருந்த நிகோடின் அங்கே இருக்கிறது. ‘நிகோடின் உப்பு’ என்னும் வடிவில் அது தொண்டையைக் கரிக்காமல் இறங்குவதால், முதன்முறை இழுக்கும் சிறுவனுக்கு இருமல் என்னும் எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. சில நொடிகளில் அது மூளையை எட்டுகிறது. இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது. மனித மூளை ஏறத்தாழ 25 வயது வரை வளர்கிறது. அந்த வளர்ச்சிக் காலத்தில் நிகோடின் கவனம், கற்றல், மனநிலை, தன்னடக்கம் ஆகியவற்றைப் பாதிக்கிறது. ஹிஃப்ழு செய்யும் மாணவனுக்கும் தேர்வுக்குப் படிக்கும் மாணவிக்கும் இவற்றைவிடப் பெரிய செல்வம் எது? ‘நிகோடின் இல்லை’ என்று அச்சிட்டு விற்கப்பட்ட திரவங்கள் சிலவற்றிலும் ஆய்வுக்கூடங்கள் நிகோடினைக் கண்டறிந்துள்ளன என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை என்பது இன்னொரு பேராபத்து. 2019இல் அமெரிக்காவில் வேப் பயன்படுத்தியோரைக் கொடிய நுரையீரல் நோய் தாக்கியது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர் அல்லது உயிரிழந்தனர். அவர்களுள் இறந்தோர் 68 பேர். பெரும்பாலும் கஞ்சாச் சத்துக் கலந்த கள்ளச் சந்தைத் திரவங்களில் சேர்க்கப்பட்டிருந்த வைட்டமின் ஈ அசிடேட் என்னும் எண்ணெய்ப் பொருளே அதற்கு முதன்மைக் காரணம் என்று கண்டறியப்பட்டது. தமிழ் முஸ்லிம்கள் பல தலைமுறைகளாக வாழும் சிங்கப்பூரில், எட்டோமிடேட் என்னும் மயக்க மருந்து கலந்த வேப்கள் இளைஞரிடையே பரவின. அதனால் 2025 செப்டம்பர் முதல் அம்மருந்து போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது.

நெடுநாள் புகைப்பவர் சிகரெட்டை முற்றிலும் விட்டு வேப்பிற்கு மாறினால் தீங்கு குறையும் என்று கூறும் மருத்துவர்கள் உள்ளனர். ஆயினும் அவர்களும் புகைக்காதவரோ பிள்ளைகளோ அதனைத் தொடலாம் என்று கூறுவதில்லை.

இனி நாம் செய்ய வேண்டுவது

17ஆம் நூற்றாண்டு அறிஞர்களிடம் இல்லாத மருத்துவச் செய்தி இன்று நம் கையில் உள்ளது. நம் கரங்களாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்ளலாகாது என்னும் அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனத்தின் கட்டளையும், வீண்விரயம் செய்வோர் ஷைத்தானின் சகோதரர்கள் என்னும் அல்இஸ்ரா அத்தியாயத்தின் எச்சரிக்கையும் இதற்குப் பொருந்தும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. புகையிலையின் தீங்கு உறுதியாக 300 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. வேப்பின் தீங்குகள் அனைத்தும் உறுதியாகட்டும் என்று நம் பிள்ளைகளின் நுரையீரலைச் சோதனைக்கூடமாக்கிக் காத்திருக்க வேண்டிய தேவை நமக்கில்லை.

நம் நாட்டின் சட்டமும் தெளிவாகவே உள்ளது. 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டமாக வந்து, அவ்வாண்டின் இறுதியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம், மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகிய அனைத்தையும் தடை செய்கிறது. முதன்முறை மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படும். முஸ்லிம் வணிகர் எவரும் இப்பொருளைக் கடையில் வைத்து ஈட்டும் வருவாயில் பரக்கத்தை எதிர்பார்க்க இயலாது.

ஆனால் சட்டம் இருந்தும் இப்பொருள் மறைவாக விற்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. சுல்தானின் வாளால் ஆகாதது நம் பிரம்பால் ஆகிவிடாது. சட்டைக் கைக்குள் மறைந்த புகைக்குழாய் இன்று புத்தகப் பைக்குள் பென் டிரைவாக மறைகிறது. அச்சுறுத்தல் மட்டுமே நம் வழியானால், பிள்ளை பழக்கத்தை விடமாட்டான். நம்மிடமிருந்து மறைக்கும் கலையைத்தான் கற்பான்.

மதீனாவில் மது தடை செய்யப்பட்ட வரலாறு இதற்கு மாறானது. அங்கே முதலில் உள்ளங்கள் பண்படுத்தப்பட்டன; தடை படிப்படியாக வந்தது. இறுதித் தடை வந்த செய்தி கேட்டதும் மக்கள் தம் வீடுகளிலிருந்த மதுவைத் தாமே தெருவில் ஊற்றினர். எடுத்த எடுப்பிலேயே மதுவைத் தொடாதீர் என்னும் கட்டளை வந்திருந்தால் மக்கள் விட மறுத்திருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விளக்கியிருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. விபசாரத்துக்கு அனுமதி கேட்டு வந்த இளைஞரை நபித்தோழர்கள் அதட்டியபோது, நபி (ஸல்) அவர்கள் அவரை அருகில் அமர்த்தி, உன் தாய்க்கு இதனை விரும்புவாயா, உன் சகோதரிக்கு விரும்புவாயா என்று கேட்டு, அவர் நெஞ்சில் கை வைத்து துஆச் செய்து அனுப்பினார்கள். கேள்வி கேட்கும் இளைஞரை எவ்வாறு நடத்துவது என்பதற்கு இதனினும் மேலான முன்மாதிரி நமக்கு இல்லை.

எனவே, வேப்பில் என்ன இருக்கிறது என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் முதலில் தாம் அறிந்துகொள்ள வேண்டும். பிள்ளையின் அறையில் பழச்சுவை மணம், காரணமற்ற இருமல், சார்ஜ் ஏற்றப்படும் அறிமுகமற்ற சிறு கருவி ஆகியவற்றைக் கண்டால், கூச்சலிடாமல் அமர்ந்து பேச வேண்டும். ஏற்கெனவே சிக்கியவனை நோயாளியாகக் கருதிக் கைகொடுக்க வேண்டும். 1800-11-2356 என்னும் கட்டணமற்ற தேசிய உதவி எண்ணிலும் மருத்துவரிடத்திலும் ஆலோசனை பெறலாம். ஜுமுஆ உரைகளில் ஹராம் என்று கூறுவதோடு, ஏன் ஹராம் என்பதையும் விளக்க வேண்டும். தாமே புகைக்கும் தந்தை மகனுக்குக் கூறும் அறிவுரைக்கு எடை இருக்காது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இளைய சகோதரர்களே, சகோதரிகளே! இளமையை எவ்வாறு கழித்தீர், உடலை எதில் தேய்த்தீர், பொருளை எதில் செலவிட்டீர் என்று மறுமையில் வினவப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஒரு சிறு கருவியை இழுப்பவர் இம்மூன்று வினாக்களுக்கும் ஒருசேர விடை கூற வேண்டியவராகிறார். அருகிலிருந்த ஹகீம் அன்று அக்பரைத் தடுத்தார். ‘ஒரு முறைதானே’ என்று நண்பன் நீட்டும் வேளையில் உங்கள் அருகில் எவரும் இல்லாதிருக்கலாம். அப்போது நீங்கள் பெற்ற அறிவே உங்கள் ஹகீமாக இருக்கட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் உடலையும் அறிவையும் ஈமானையும் பாதுகாப்பாயாக! சிக்கியவர்களுக்கு மீளும் வலிமையையும், வழிகாட்டுவோருக்குப் பொறுமையையும் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.